ஒரு வண்டிக்கு எத்தனை டிரைவர்?



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்று விரலால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வேன் பேசிக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக இருக்கிறவர்கள் அவசியம் படியுங்கள். வண்டி ஓட்டிப் பிழைக்கிற என் பிள்ளைகளும் படியுங்கள். என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று ஸ்டியரிங் பிடிக்கிறார்கள் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வந்தவரைக்குமே இருபத்து மூன்று பேர். லாரி, டூரிஸ்ட் வேன், கரும்பு டிராக்டர், ஆம்புலன்ஸ், ஒருவன் குவைத்தில் வீட்டு டிரைவர்.

எழுதப்போவது கார் ரேஸ் பற்றி. சிரிக்காதீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, முப்பத்து நான்கு வருஷம் சாக்பீஸ் பிடித்து, இன்றைக்கும் டிவிஎஸ் எக்ஸலில் மார்க்கெட்டுக்குப் போகிற ஆளுக்குக் கார் ரேஸ் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2025 பொங்கல் லீவுக்குப் பெங்களூரில் இருந்து பேரன் வந்தான். ஜனவரி 11, சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவன் போனை டிவியோடு இணைத்து ஒரு ரேஸைப் போட்டுவிட்டான். துபாயில் 24 மணி நேரக் கார் ரேஸ். நடிகர் அஜித்குமார் சொந்த அணியோடு அதில் இறங்கியிருக்கிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். கள்ளக்குறிச்சியில் அன்றைக்கு இருந்த இளவட்டங்களில் பாதிப் பேர் போனும் கையுமாகத்தான் இருந்தார்கள்.

"ஒரு ரேஸ் எத்தனை மணி நேரம்டா?" என்று கேட்டேன். "நாளைக்கு மதியம் வரைக்கும் தாத்தா" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

இந்த ரேஸில் ஓடுகிற கார்களை ஜிடி கார் என்கிறார்கள். கிராண்ட் டூரிங் என்பதன் சுருக்கம். நெடுந்தூரம் வேகமாகவும் சொகுசாகவும் பயணம் போவதற்கென்று ஐரோப்பாவில் செய்த கார் வகைக்கு அந்தப் பெயர். ரோட்டில் ஓடுகிற அதே காரின் உருவத்தை வைத்துக்கொண்டு, உள்ளே சீட்டையும் சொகுசையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரும்புக் கூண்டு வைத்துப் பந்தயத்துக்குத் தயார் பண்ணுகிறார்கள். பேரன் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று தோன்றியது. நம்ம ஊர் ஸ்டாண்டில் நிற்கிற டூரிஸ்ட் வேனும் டூரிங் வண்டிதானே? அவர்களும் 24 மணி நேரம் ஓடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் கொடி ஆட்டுவதில்லை, அவ்வளவுதான்.

வயசானால் தூக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பேரன் பாயில் சுருண்டு கிடந்தபடி அரைக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருட்டில் விளக்கு மட்டும் வரிசையாகப் பறக்கிறது. நானும் உட்கார்ந்தேன். ஒரு கார் பாதையை விட்டு ஒதுங்கி, பிட் என்கிற அந்தப் பணிமனை வரிசைக்குள் வந்து நின்றது. டயர் மாற்றுகிறார்கள். கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் இறங்க, தயாராக நின்ற இன்னொருவர் ஏற, இறங்கினவரே குனிந்து ஏறினவருக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். தலையெல்லாம் குளித்த மாதிரி வியர்வை.

"இவர் எங்கடா போறாரு?"

"தூங்கப் போறாரு தாத்தா."

"ரேஸ் நடக்கும்போதா?"

"ஆமா. இனிமே இவரு டர்ன் காலைலதான். தூங்கலைன்னா திட்டுவாங்க."

அந்தப் பிள்ளை அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் தூங்கிப்போனான். எனக்குத்தான் அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதற்கு முன்னால் இரண்டு கதை சொல்கிறேன், வாத்தியார் புத்தி.

முதல் கதை பிரான்ஸ் நாட்டில் நடந்தது. அங்கே லெ மான் என்று ஒரு ஊர். 1923-ல் இருந்து அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கும் மேல். 1952-ல் பியர் லெவெக் என்று ஒருவர், 46 வயது, அதில் ஓட்டினார். மாற்றி ஓட்ட ரெனே மார்ஷான் என்பவர் கூடவே இருந்தார். லெவெக் அவரிடம் வண்டியைக் கொடுக்கவே இல்லை. எஞ்சினில் ஒரு கோளாறு தெரிந்தது, அதைப் பக்குவமாக ஓட்டத் தன்னால்தான் முடியும் என்று அவர் நினைத்தார் என்பார்கள். ராத்திரி முழுக்க அவரே. விடிந்தும் அவரே. பின்னால் வந்த மெர்சிடிஸ் கார்களைவிட நாலு சுற்று முன்னால் இருந்தார். பந்தயம் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது, கியர் மாற்றுவதில் ஒரு தப்பு நடந்து எஞ்சின் உடைந்து நின்றது. இருபத்து மூன்று மணி நேர உழைப்பு ரோட்டோரத்தில் கிடந்தது. மெர்சிடிஸ் ஜெயித்தது. (மூன்று வருஷம் கழித்து அதே லெ மானில் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் செத்த பெரிய விபத்தில் அவரும் இறந்தார். அது வேறு சமாச்சாரம்.)

ஒரே ஆள் ஓட்டி முடிக்கப் பார்த்த காலம் அது. இன்றைக்கு அதே லெ மானில் விதி என்ன தெரியுமா? எந்த டிரைவரும் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மொத்தம் 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல் ஒருவரே ஓட்டக்கூடாது. உலகத்திலேயே சிறந்த டிரைவர்களுக்கு, எதிரே லாரி வராத, குறுக்கே மாடு வராத, பள்ளம் இல்லாத ரோட்டில் போட்ட விதி இது. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009-ல் அங்கே ஓட்டப் போனவர், பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் பிட் சுவரில் இருந்து விழுந்து தோள் விலகிப்போய் ஓட்ட முடியாமல் ஆனது. அவர் பங்கையும் சேர்த்து மீதி இரண்டு பேரே ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து சென்னைப் பையன் கருண் சந்தோக் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இரண்டு துணை டிரைவர்களோடு ஓட்டி, மொத்தக் கணக்கில் ஆறாவது இடம். ஆறாவது என்றால் நமக்கு இளக்காரம். அந்த ரேஸில் முடித்தாலே பெரிய விஷயம்.

இரண்டாவது கதை அஜித்துடையது. இதை எல்லாரும் பார்த்தீர்கள், ஆனால் முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்கள் என்பது என் குறை. துபாய் ரேஸுக்கு நாலைந்து நாள் முன்னால், பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்த வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தார்கள். அவர் பெயரிலேயே உள்ள அணி, அஜித்குமார் ரேசிங், அந்த அணியின் போர்ஷே காரை அவர் ஓட்டமாட்டார். மற்றவர்கள் ஓட்டுவார்கள். அவர் வேறொரு அணியின் சற்று மெதுவான ஜிடி4 வகைக் காரில் மட்டும் ஓட்டினார். அவருடைய நலனையும் அணியின் வெற்றியையும் யோசித்து எடுத்த முடிவு என்று அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த போர்ஷே தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அவர் தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததைத்தான் நீங்கள் எல்லாம் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். அதுவும் அழகுதான். ஆனால் தன் பெயர் எழுதின வண்டியில் இருந்து தானே இறங்கி, "நீங்க ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தாரே, அதை ஒருவர்கூட ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

எனக்கு அவர் ரசிகன் என்று பெயர் வாங்கித் தராதீர்கள். நான் பார்த்த அவர் படம் நாலோ ஐந்தோ. கார் ரேஸில் எரிகிற பெட்ரோலையும் தேய்கிற டயரையும் நினைத்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. பணக்காரர் விளையாட்டு என்று என் மச்சான் சொல்வதும் சரிதான். அந்தப் பணக்காரர்கள் ஒரு வண்டிக்கு நாலு டிரைவர் வைக்கிறார்கள். நாம் பதினேழு பேர் ஏறுகிற வண்டிக்கு ஒரு டிரைவர் வைக்கிறோம்.

இனி என் விஷயம்.

2011-ல் திருச்செந்தூர் போனோம். என் பெண்வழிப் பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்த. போக மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல். டெம்போ டிராவலர். வண்டி ஓட்டியவன் என் மாணவன். கல்வராயன்மலையில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவன். கணக்கு நன்றாக வரும். மலையில் இருந்து இறங்கிக் கச்சிராயபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்து, கிளீனராகி, டிரைவரானவன். "சார் குடும்பத்துக்கு நான்தான் ஓட்டுவேன்" என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். முந்தின நாள்தான் திருப்பதி ட்ரிப் முடித்துவிட்டு வந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

ராத்திரி கிளம்பி விடியற்காலை போய்ச் சேர்ந்தோம். நாங்கள் கடலில் குளித்து, மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுப் படுத்து எழுந்தோம். அவன் எப்போது தூங்கினான்? வண்டியைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வெயிலில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ சீட்டில் சாய்ந்திருப்பான். வண்டியை எடுத்து மாற்றி வை என்று நடுவில் இரண்டு தடவை எழுப்பியும் இருப்பார்கள். சாயங்காலம் கிளம்பினோம். மதுரையில் சாப்பிடும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சார், ஒரு ரெண்டு மணி நேரம் கண்ண மூடிட்டு எடுக்கட்டுங்களா?"

மறுநாள் பள்ளியில் எனக்கு ஆய்வு இருந்தது. மேலதிகாரி வருகிறார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "காலையில எட்டுக்குள்ள போயிடணும்பா. ஒரு டீ போட்டுக்க, நான் முன்னால உக்காந்து பேசிக்கிட்டே வர்றேன்."

"சரிங்க சார்" என்றான்.

வேறு யாராவது வாடகைக்காரர் என்றால் அவன் முடியாது என்று சொல்லியிருப்பான். ஸ்டாண்டில் அவன் அப்படிச் சொல்கிறவன்தான். நான் வாத்தியார். கை நீட்டச் சொல்லி அடித்தவன், அவன் அப்பாவைப் பிடித்து மறுபடி பள்ளிக்கூடம் அனுப்ப வைத்தவன். என்னிடம் எப்படி மறுப்பான்?

திருச்சி வரை பேசிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் நான் தூங்கிவிட்டேன். பெரம்பலூர் தாண்டியது தெரியாது. தொழுதூர் பக்கம், விடியற்காலை நாலு மணி இருக்கும், வண்டி வலது பக்கம் நடுத்தடுப்பில் ஏறிச் சாய்ந்தது. என் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் தம்பிக்கு நெற்றியில் எட்டுத் தையல். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டி சாய்ந்த பக்கம் அவன் இருந்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு அப்போது முப்பது வயசு, இரண்டு பெண் குழந்தைகள்.

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "டிரைவர் தூங்கிட்டான்." போலீஸ் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். "தூங்கிட்டாருங்க." பொய் இல்லை. ஆனால் மதுரையில் அவன் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. கவனக்குறைவாக ஓட்டினான் என்று வழக்கு அவன் மேல்தான் வந்தது. ஆய்வா? நான் அன்று பள்ளிக்கே போகவில்லை, அதிகாரி இன்னொரு நாள் வந்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அந்த அவசரத்தின் மதிப்பு.

இதை இத்தனை வருஷம் என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. துபாய் ரேஸ் பார்த்த அந்த ராத்திரிக்குப் பிறகு, மாட்டுப் பொங்கல் அன்று, பஸ் பிடித்து மலைக்குப் போனேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான், கட்டைக்கால் போட்டு நடக்கிறான். அவ்வப்போது போய்ப் பார்ப்பதுண்டு. ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததே இல்லை. அன்றைக்கு எடுத்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னீங்கன்னு நானும் யாருகிட்டயும் சொல்லல சார்" என்றான். அதைக் கேட்டதற்கு அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான்.

இப்போது நான் சொல்ல வருவதைச் சொல்கிறேன். "டிரைவர் தூங்கிட்டான்" என்று நாம் சொல்கிற ஒவ்வொரு விபத்திலும், அவனைத் தூங்கவிடாத ஒரு ஆள் பின்சீட்டில் இருக்கிறான். பெரும்பாலும் அவன்தான் வண்டியைப் பேசியவன். ரூம் வாடகை மிச்சம், ஒரு நாள் லீவு மிச்சம், ராத்திரியில் டிராபிக் இருக்காது, குழந்தைகளும் தூங்கிவிடும் என்று திட்டம் போடுகிறவன். என்னைப் போன்ற படித்தவன்தான் இந்தக் கணக்கை நன்றாகப் போடுவான்.

கணக்கு என்றதும் ஒன்று. ஏழாம் வகுப்பில் சொல்லித்தந்தேனே, கிலோமீட்டர் வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும் என்று. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். களைத்தவனுக்குக் கண் சொருகுவது நாலு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 90 மீட்டர். நீங்கள் விளையாட்டு விழாவில் ஓடிய 100 மீட்டர் பந்தயத்தில் முக்கால்வாசிக்கும் மேல். அவ்வளவு தூரம் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு வண்டி கண்ணை மூடியபடி போகும். கண் திறந்திருந்தாலும் அப்படி நடக்கும் என்பதுதான் கொடுமை. விடியற்காலை இரண்டில் இருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கிற நேரம். டீ அதைத் தள்ளிப் போடும், தீர்க்காது. நம்ம நெடுஞ்சாலையில் ராத்திரியில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி டிரைவருக்கு முகம் கழுவத் தண்ணீரும் டீயும் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல காரியம். ஆனால் அந்த டிரைவருக்கு வேண்டியது டீ இல்லை, ஒரு பாய்.

சட்டம் இல்லையா என்றால் 1961-லேயே போட்டார்கள், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும் என்று எழுதினார்கள். நம்ம ஸ்டாண்டில் சொந்தமாக ஒரே ஒரு வேன் வைத்திருப்பவருக்கும், அதை ஓட்டுகிற ஒரே ஆளுக்கும் அந்தச் சட்டத்தில் அந்தக் கணக்கே வரவில்லை. அவர்களுக்கு விதி போடுகிற ஒரே அதிகாரி வண்டியைப் பேசுகிற நாம்தான்.

வண்டிக்காரர்கள் பக்கத்தையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முகூர்த்த நாள், சபரிமலை சீசன் என்று வருஷத்தில் சில மாதம்தான் உங்களுக்கு ஓட்டம். வந்த ட்ரிப்பை விட்டால் டியூ கட்ட முடியாது. ஒரு சவாரியை முடித்த கையோடு அடுத்ததில் ஏறுகிறீர்கள். மலையில் இருந்து காப்பி எஸ்டேட் வேலைக்குக் கர்நாடகத்துக்கும் கேரளாவுக்கும் போகிற நம்ம ஜனங்களைத் திருவிழாவுக்குக் கூட்டி வருகிற வண்டிகள் இதில் இன்னும் மோசம். அவர்கள் இரண்டு டிரைவர் கேட்கப் போவதில்லை, அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தாலே போதும். இருந்தாலும் என் பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு ஒரு பெருமை உண்டு. "சார், கள்ளக்குறிச்சி டு சீரடி ஒரே மூச்சு, நான் ஒருத்தனே." இதை என்னிடம் சொன்னவனுக்கு நான் சபாஷ் சொல்லியிருக்கிறேன், அதுவும் என் தப்புதான். இனி யாராவது அப்படிச் சொன்னால் லெவெக் கதையைச் சொல்லப் போகிறேன்.

பைக்கில் கல்வராயன்மலைக்கு ஏறுகிற பையன்களுக்கும் ஒரு வார்த்தை. கோமுகி அணையைத் தாண்டி வளைவில் ரீல்ஸ் எடுக்கிறீர்கள், வண்டியின் பின்னால் ரேஸ் கார் நம்பர் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தத் துபாய் ரேஸில் ஒரு விதி இருக்கிறது, கோடு 60 என்று பெயர். பாதையில் எங்காவது விபத்து நடந்தால் ஊதா நிறக் கொடி காட்டுவார்கள். காட்டினதும் 250-ல் பறக்கிற கார் எல்லாம் 60 கிலோமீட்டருக்கு இறங்கிவிட வேண்டும். முந்தக் கூடாது. முதலில் போகிறவனும் 60, கடைசியில் வருகிறவனும் 60. பேரன் அதைக் காட்டினபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அத்தனை கோடி ரூபாய் கார்கள் நம்ம டவுன் பஸ் மாதிரி வரிசையாக ஊர்ந்தன. நீங்கள் அந்த மலை வளைவில் போகிற வேகத்தைவிட அது குறைவு. யாரைப் பார்த்து ஓட்டுகிறீர்களோ, அவர்கள் நிற்கத் தெரிந்தவர்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் திட்டமாட்டேன்.

இந்தப் பதிவுக்கு உடனடிக் காரணம் என் தங்கை மகன். போன வாரம் போன் போட்டான். அவன் பெண்ணுக்குக் காது குத்து, மறுபடியும் திருச்செந்தூர். "மாமா, வெள்ளி ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை முடிச்சுட்டு, ராத்திரியே திரும்பிடலாம். ரூம் எல்லாம் வேணாம்." அப்படியே என் குரல். நான் முடியாது என்றேன். வேண்டுமானால் நான் வரவில்லை என்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் இப்படி முடிவானது: சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். அன்று ராத்திரி அங்கேயே தங்கல். டிரைவர்களுக்குத் தனி ரூம், வண்டியில் படுக்கச் சொல்லக் கூடாது. ஞாயிறு காலை காது குத்து முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரி பத்துக்குள் வீடு. இரண்டு டிரைவர். இரண்டாவது ஆளுக்குப் பேட்டா நாளைக்கு 1,200 ரூபாய், இரண்டு நாளைக்கு 2,400. பதினாறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 150. மதுரையில் பரோட்டா சாப்பிடுகிற காசு. "மாமா, ரெண்டாவது டிரைவருக்கு ஒரு சீட் போயிடுமே" என்றான். போகட்டும், நான் என் சீட்டைக் கொடுக்கிறேன், உன் அத்தை மடியில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டான், ஒத்துக்கொண்டான்.

வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் சொல்லிவிடுங்கள். புளிசாதமும் தயிர்சாதமும் 18 பேருக்குக் கட்டுகிறோம், டிரைவர் இரண்டு பேரையும் சேர்த்து.

இரண்டாவது டிரைவரை ஏற்பாடு செய்தது மலையில் கடை வைத்திருக்கிற அவன்தான். அவன் ஊர்ப் பையன், நல்லா ஓட்டுவான், தைரியமாக அனுப்புங்கள் என்றான். போனை வைக்கப் போகும்போது, "சார், ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லுப்பா."

"நீங்க முன்சீட்டுல உக்காராதீங்க. அந்தப் பையனும் உங்ககிட்ட படிச்சவன்தான்."